தாம்பாளத்தில் வந்த காக்கித் துணி

போன மாதம் ஒரு நாள் காலை, முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு ஒரு கூரியர் பையன் எங்கள் வீட்டு பெல்லை அடித்தான். மருமகள் எதையாவது போனில் ஆர்டர் போட்டிருப்பாள் என்று நினைத்து நான்தான் கதவைத் திறந்தேன். அவன் கொண்டுவந்து கொடுக்க வரவில்லை. வாங்கிக்கொண்டு போக வந்திருந்தான்.

என் சின்ன மகன் காட்டாங்குளத்தூரில் படிப்பை முடித்த கையோடு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தவன். கல்யாணம், குழந்தை, இந்த பிளாட்டுக்கு வாங்கிய லோன், முன்தலையில் விழுந்த வழுக்கை, எல்லாம் அந்தக் கம்பெனியில் இருக்கும்போதே வந்தவை. கூரியர் பையன் வருவதற்கு முந்தின வாரம் ஒரு நாள் காபியைக் குடித்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தான். அது திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போனில் ஒரு பெண் கூப்பிட்டாள். ரொம்ப இனிமையாகப் பேசினாள். இனிமேல் நீங்கள் வர வேண்டாம் என்பதையும் அதே இனிமையில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கூரியர் பையன் தன் போனைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டான். கம்ப்யூட்டர், சார்ஜர், மவுஸ். மகன் எடுத்து எடுத்துக் கொடுத்தான். கடைசியில் பையன் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், பேக் ஒண்ணு போட்டிருக்கே" என்றான். அந்தப் பை கம்பெனி ஆண்டு விழாவில் கை தட்டி எல்லோருக்கும் கொடுத்த பை. மருமகள் அதில்தான் பேரனின் நீச்சல் துணிகளை வைத்து அனுப்புவாள். அவள் உள்ளே போய் அந்தப் பையைக் கவிழ்த்து உதறினாள். ஈரத் துண்டும் பாதி பிஸ்கட் பாக்கெட்டும் தரையில் விழுந்தன. பேரன் அழ ஆரம்பித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாடா இது, குடுத்தத போய் திருப்பிக் கேக்கறானுங்க" என்றேன். மகன், "விடுப்பா, ரூல்ஸ் அப்படி" என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். எங்கள் குடும்பத்துக்கு இந்த ரூல்ஸ் புதிதல்ல. இது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தபோது அது என் டவுசரை வாங்கிக்கொண்டு போயிற்று.

என் அப்பா குரோம்பேட்டையில் டப்பா கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனிக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. எங்கள் ஊர் பீர்க்கன்கரணையில் அது யார் வாயிலும் நுழையாது. டப்பா கம்பெனி என்றால்தான் தெரியும். எண்ணெய் டின், பவுடர் டின், பிஸ்கட் டின் எல்லாம் அங்கே ஆகும். அப்பா மூடி வெட்டுகிற மெஷினில் நின்றார். தகட்டைக் கையால் உள்ளே தள்ளி, காலால் பெடலை மிதித்தால் ஒரு மூடி விழும். மறுபடி தள்ளி மறுபடி மிதிக்க வேண்டும். நான் பிறப்பதற்கு முன்னால், என் அக்கா பிறப்பதற்கும் முன்னால் மிதிக்க ஆரம்பித்த கால் அது. வீட்டில் மணையில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட அவருடைய வலது கால் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். நானும் அக்காவும் அதைப் பார்த்துச் சிரிப்போம். அம்மா பரிமாறிக்கொண்டே இடது கையை அந்த முட்டியின் மேல் வைத்து அழுத்துவாள். கால் நிற்கும். கையை எடுத்தால் மறுபடி ஆடும்.

தீபாவளிக்கு முந்தின வாரத்தில் ஒரு நாள், டப்பா கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் பெண்சாதிகளை எல்லாம் கூப்பிடுவார்கள். கேட்டுக்கு உள்ளே பந்தல் போட்டிருக்கும். பந்தலுக்குக் கீழே மேஜை. மேஜைக்குப் பின்னால் மேனேஜருடைய சம்சாரம் பட்டுப்புடவையில் நிற்பார். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட, பெண்சாதி போய் முந்தானையை விரித்து நிற்க வேண்டும். அந்த அம்மாள் தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்து நீட்டுவார். தாம்பாளத்தில் காக்கித் துணி மடித்து வைத்திருக்கும். அதன் மேல் வெற்றிலை பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு முழம் பூ, ஸ்வீட் பொட்டலம். எல்லாவற்றையும் முந்தானையில் வாங்கிக்கொண்டு வெறும் தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். தாம்பாளம் மட்டும்தான் அவர்களுடையது. அது எல்லாப் பெண்களுக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்த ஒரு நாளைக்கு அம்மா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி போவாள். திரும்பி வந்ததும் துணியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, அதற்கப்புறம்தான் டெய்லரிடம் கொடுப்பாள். அப்பா வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் காக்கிச் சட்டையின் காலர் மூலையில் அந்த மஞ்சள் வெகு நாள் இருக்கும். கிரீஸ் கறை ஏறி அதை மூடும் வரை இருக்கும்.

அது முரட்டுத் துணி. உடுத்தி உடுத்தி நைந்தாலும் செத்துப்போகாது. அப்பாவின் முட்டியில் கிழிந்த பேண்ட் எனக்கு டவுசராகும். சட்டையின் முதுகுப்பக்கம் தலையணை உறையாகும். கை இரண்டும் சேர்ந்து அக்காவின் புத்தகப் பையாகும். மிச்ச மீதி அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற துணியாகும். எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்தால் எல்லாமே டப்பா கம்பெனியின் துணிதான். நாங்கள் அதை அப்படி நினைத்ததில்லை. வாசலில் முளைத்த முருங்கையை எப்படி நினைப்போமோ அப்படித்தான் அதையும் நினைத்தோம்.

அப்பாவை வேலையிலிருந்து எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பலகை இருக்கும். அதில் வரிசையாக ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒருவருடைய பித்தளை வில்லை தொங்கும். உள்ளே போகிறவர் தன் வில்லையை எடுத்துப் பெட்டியில் போட்டால் அன்றைக்கு அவர் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. ஒரு நாள் காலையில் அப்பாவின் ஆணியில் வில்லை இல்லை. கீழே விழுந்திருக்கும் என்று குனிந்து மண்ணில் தேடியிருக்கிறார். பக்கத்தில் வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார். அவர் எங்கள் தெருக்காரர். என் அம்மாவைத் தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டு, ஏரி மீன் கிடைத்த நாளெல்லாம் எங்கள் வீட்டில் கை நனைத்தவர். அவர் அப்பா தேடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஆபீஸில் போய்க் கேள் என்றாராம்.

ஆபீஸில், புது மெஷின் வந்துவிட்டது, அது தகட்டைத் தானே இழுத்துத் தானே வெட்டிக்கொள்ளும், அதனால் பழைய ஆட்களுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்றார்கள். ஓய்வு. அந்த வார்த்தை மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. களைத்துப்போய்க் கேட்கிறவனுக்குக் கொடுத்தால் அது ஓய்வு. காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வேலைக்கு வந்து நிற்கிறவனை வாசலோடு துரத்துவதற்கு வேறு பெயர் உண்டு. எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனாலும் அந்தப் பெயர் எனக்குத் தெரியும். படித்தவர்களுக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தினார். அடுத்த நாளிலிருந்து அவர் தினமும் சைக்கிளை ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கழுவினார். அவ்வளவு சுத்தமான சைக்கிள் பீர்க்கன்கரணையில் அப்போது வேறு யாரிடமும் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கால் ஆடவில்லை. அம்மா பழக்கதோஷத்தில் ஒரு நாள் முட்டியின் மேல் கையைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, கையைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

என் தாய்மாமா அப்போது வண்டலூர் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் ஒரு நாள் மூச்சு வாங்க ஓடிவந்து, அங்கே ஒரு இடம் காலியாகியிருக்கிறது, மெஷினில் நின்று பழகிய ஆளாகப் பார்க்கிறார்கள் என்றார். "சூப்பர்வைசர் கைல சொல்லி வெச்சிகிறேன் மச்சான். பழைய கம்பெனி சர்டிபிகேட் மட்டும் கேக்கறாரு. வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துட்டா உனக்குத்தான். இல்லாங்காட்டி வேற ஒருத்தன் ரெடியா நிக்கறான்" என்றார்.

இத்தனை வருஷம் இங்கே வேலை பார்த்தார், ஒழுங்காகப் பார்த்தார் என்று ஒரு காகிதத்தில் எழுதி சீல் குத்திக் கொடுப்பதுதான் அந்த சர்டிபிகேட். எழுதுவதற்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது. அப்பா மறுநாளே குரோம்பேட்டைக்குப் போனார். ஆபீஸில் இருந்தவர்கள் ஸ்டோரைக் கேட்டார்கள். ஸ்டோரில் இருந்த சார், உங்கள் பெயரில் யூனிபாரம் பாக்கி நிற்கிறது என்றார். கடைசி இரண்டு தீபாவளிக்குக் கொடுத்த துணி கம்பெனி சொத்து, அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் சர்டிபிகேட் என்று சொல்லிவிட்டார். ரூல்ஸ் அப்படி என்றாராம். இந்த வார்த்தை அப்போதும் இதேதான்.

அப்பா இதை அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு முதலில் புரியவே இல்லை. எந்தத் துணி, எந்தத் துணி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தீவாளிக்கு குடுத்தாங்களே, அது."

"எனுக்கு குடுத்ததா?"

அப்பா தலையாட்டினார்.

"வெத்தல பாக்கு வெச்சு எனுக்கு குடுத்தத எப்டிய்யா திருப்பிக் கேப்பாங்க?"

அப்பாவிடம் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு செட்தான் இருந்தது. இன்னொன்றின் சட்டை மெஷினில் மாட்டிக் கிழிந்து எப்போதோ பையாகிவிட்டது. அதன் பேண்ட் என் இடுப்பில் இருந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் காக்கித் துணி எடுத்து, டெய்லரிடம் கடன் சொல்லித் தைத்துக் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. அம்மாவுக்கு அப்போதுதான் கோபம் ஏறியது. அவள் கத்தவில்லை. கத்துகிறவள் இல்லை. ஆனால் அவள் சொன்னதைத் தெருவே கேட்டது.

"இருந்த வேலையப் புடுங்கிகினவனுக்கு நாம கடன் வாங்கி துணி தச்சுக் குடுக்கணுமா? அவுங்க துணிதானே வேணும்? நான் குடுக்கறேன்."

நீ ஒன்றும் கிளம்ப வேண்டாம், இருக்கிறதையும் கெடுத்துவிடாதே என்று அப்பா கெஞ்சினார். சர்டிபிகேட் இல்லாமல் போனால் பெயிண்ட் கம்பெனியும் போய்விடும் என்பது அவர் பயம். அந்த பயம் தப்பு என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த நம்பிக்கை அந்த ஒரு காகிதம்தான்.

வியாழக்கிழமை காலையில் அப்பா சைக்கிளோடு ஏரிக்குப் போனதும் அம்மா வேலையை ஆரம்பித்தாள். தலையணைகளைப் பஞ்சு வேறு உறை வேறாகப் பிரித்தாள். அக்காவின் பையிலிருந்து சிலேட்டையும் புத்தகத்தையும் எடுத்துத் தரையில் வைத்தாள். அடுப்பங்கரைத் துணியை எடுத்தாள். ஜன்னலில் திரையாகத் தொங்கிய துண்டை அவிழ்த்தாள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்போதோ ரேஷன் அரிசி வாங்கக் கொடுத்த காக்கிப் பையைக்கூட, வேறு பை தைத்துத் தருகிறேன் என்று சொல்லித் திரும்ப வாங்கினாள். விஷயத்தைக் கேட்ட அந்த அக்கா உள்ளே போய், தன் வீட்டுக் கோழிக்கூண்டை மூடிவைத்திருந்த இன்னொரு காக்கித் துண்டையும் கொண்டுவந்து, "இதுவும் உன்னிதுதான். எச்சம் ஒட்டினுகீது, கழுவாதே. அப்டியே குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டாள். வீட்டில் இருந்த ஒரே பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள். எனக்கு டவுசரைப் போட்டுத் தலைசீவி, வா என்றாள். பள்ளிக்கூடம் இல்லை, ரயில் என்றவுடன் நான் துள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

தாம்பரம் ஸ்டேஷன் வரை நடந்தோம். மூட்டை அம்மா தலையில், தாம்பாளம் என் கையில். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றம் வந்தது. அந்த நாளில் குரோம்பேட்டைக்குப் போர்டு பார்க்க வேண்டாம், மூக்கு இருந்தால் போதும். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா பொத்தவில்லை. அப்பா தினமும் சுமந்துகொண்டு வந்த வாசனை என்பதால் இருக்கலாம். அல்லது அவள் வேறு ஏதோ யோசனையில் இருந்திருக்கலாம். நான் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷமான ரயில் பிரயாணம் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

கம்பெனி கேட் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் கம்பிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் வீட்டு மீன் குழம்பில் எந்தத் துண்டு அவருக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் எங்களை யார் என்று தெரியாத மாதிரி நிற்கிறார்.

அம்மா அதற்காக முகம் சுளிக்கவில்லை. மேனேஜருடைய சம்சாரத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் இங்கே எங்கே இருப்பார், பட்டணத்தில் அல்லவா வீடு என்றார் வாட்ச்மேன். அப்படியானால் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் காத்திருக்கிறோம் என்று சொல்லி, கேட்டுக்கு முன்னால் மூட்டையை இறக்கினாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, பூ எல்லாம் வைத்தாள். அதன் மேல் அப்பாவின் ஒரு செட் யூனிபாரத்தை மடிப்பு கலையாமல் வைத்தாள். அதற்கு மேல் மற்றதெல்லாம். மேலாகக் கோழிக்கூண்டுத் துணி. தாம்பாளத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்றாள்.

வாட்ச்மேன் உள்ளே ஓடிப்போய் ஸ்டோர் சாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதே நேரத்துக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. உள்ளே இருந்து ஆட்கள் எதிர்ப்பக்க டீக்கடைக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் காக்கி. வந்தவர்கள் அம்மாவைப் பார்த்ததும் நின்றார்கள்.

ஸ்டோர் சார் நல்ல வெள்ளைச் சட்டை போட்டவர். "என்னம்மா இது, துணியைக் கொடுத்துட்டுப் போகாம ஏன் கலாட்டா பண்றே" என்று சொல்லிக்கொண்டே கேட்டின் சின்னக் கதவைத் திறந்து, ஒரு கையை நீட்டித் துணி அடுக்கைப் பிடித்தார். அம்மா தாம்பாளத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு கையால வாங்குங்க சார். உங்க மேனேஜரம்மா எனுக்கு ரெண்டு கையாலதான் குடுத்தாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஸ்டோர் சார் மேலே இருந்த துணியைப் பார்த்து, இதென்ன குப்பை, நாங்கள் கேட்டது இரண்டு செட்தானே என்றார். அம்மா தாம்பாளத்தை என் தலையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அவரிடம் காட்டினாள்.

"குப்பை இல்ல சார், உங்க சொத்து. இது தலகாணி ஒறை. இதுல தல வெச்சுதான் எங்க வூட்டுக்காரரு தூக்கத்துலகூட உங்க மூடிய வெட்டிகினு இருந்தாரு. இது எம்பொண்ணு பையி. இது சட்டி எறக்கற துணி, கொஞ்சம் கரியா கீது, கோச்சுக்காதீங்க. இது கோழிக்கூண்டுக்கு மேல போட்டது. கோழி எங்களுது, துணி உங்களுது."

இப்போது சிரிப்பு அதிகமாயிற்று. எனக்கும் சிரிப்பு வந்தது. தாம்பாளம் தலையில் ஆடாமல் இருக்க வேண்டுமே என்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அம்மா தாம்பாளத்தை என் தலையிலிருந்து வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"கழட்டுடா."

எனக்குப் புரியவில்லை. அவள் மறுபடியும் சொல்லவில்லை. ஒரு கையில் தாம்பாளத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து, மறு கையால் என் டவுசரின் பட்டனை அவிழ்த்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில், அத்தனை ஆண்களுக்கு முன்னால், அரைஞாண் கயிற்றோடு நின்றேன். பள்ளிக்கூடத்தில் ஆனா ஆவன்னா முடித்து எத்தனையோ நாளான பையன். கையால் மூடிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் டவுசரை மடித்து மேலே வைத்தாள்.

"ரெண்டாவது செட்டு இத்தான். சரியா கீதா பாத்துக்கோங்க."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ரோட்டில் ஒரு பஸ் போன சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கூட்டத்தில் நின்ற ஒருவர், தன் சட்டைக் காலரின் மூலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் வீட்டிலும் மஞ்சள் தடவித்தான் கொடுத்திருப்பார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். ஏரியிலிருந்து திரும்பியவரிடம் அக்கா சொல்லியிருக்கிறாள். சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தவருக்கு மூச்சு இரைத்தது. அம்மாவை அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கு அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவும் அப்போது தோன்றியது. அவர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு ஸ்டோர் சாரிடம் போய், மரியாதையாக, மெஷினில் ஒரு கோளாறைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"சார், துணி உங்களுது. பட்டனு எங்க வூட்டுது. அத்த மட்டும் எடுத்துக்கறேன்."

தாம்பாளத்திலிருந்து என் டவுசரை எடுத்தார். பட்டனைப் பல்லில் கடித்து நூலை அறுத்தார். இரண்டு பட்டனையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, டவுசரைத் திரும்ப மடித்து வைத்தார். வைத்த மடிப்பை உள்ளங்கையால் தடவிச் சரிசெய்தார். ஸ்டோர் சாருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா தாம்பாளத்தை மறுபடி நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் சட்டித்துணியின் கரி ஒட்டியது.

தாம்பாளம் எங்களுடையது, திருப்பிக் கொடுங்கள் என்று அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. சங்கு ஊதியும் ஆட்கள் உள்ளே போகாமல் டீக்கடைப் பக்கம் நின்றதுதான் காரணம் என்று பின்னால் மாமா சொல்வார். கொஞ்ச நேரத்தில் கம்பிக்கு உள்ளே இருந்து ஒரு கை அந்தக் காகிதத்தை நீட்டியது. அப்பா வாங்கி, வெயிலில் பிடித்து சீலைப் பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்தார். கிளம்பும்போது அம்மா வாட்ச்மேன் பக்கம் திரும்பி, குரலில் எந்தக் கோபமும் இல்லாமல், தன் வீட்டு வாசலில் நின்று பேசுகிற மாதிரி பேசினாள்.

"அண்ணா, சட்டைல மேல் பட்டன் போயிகீது பாரு. தச்சு பத்திரமா வெச்சுக்கோ. ஒரு நாளைக்கு கேப்பாங்க."

அவர் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்ததே இல்லை.

பெயிண்ட் கம்பெனியில் அப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மாமாவோடு போனவர் சனிக்கிழமையே வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அடுத்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் கிடையாது, போட்டுக்கொள்ள டவுசர் இல்லாததால். அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து பழைய வேட்டியை வாங்கி எனக்கு ஒன்று தைத்துக் கொடுத்தாள். காக்கி டவுசர் போட்ட பையன்களுக்கு நடுவில் நான் மட்டும் வெள்ளையாகப் போனேன். வாத்தியார் என்னைக் காங்கிரஸ்காரர் என்று கூப்பிட்டார்.

அந்தக் கம்பெனியிலும் தீபாவளிக்குத் துணி கொடுத்தார்கள். அங்கே பந்தல் கிந்தல் எதுவும் கிடையாது, ஜன்னலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அது நீலத் துணி. நல்ல ஆகாச நீலம். அப்பா அதைப் போட்டுக்கொண்டு வந்தபோது எங்கள் தெருவே அழகாக இருந்தது. அது எப்போது கிழியும், எனக்கு எப்போது டவுசராகும் என்று நான் காத்திருந்தேன். அது கிழிந்தது. அம்மா கிழிந்த இடத்தை ஒட்டுப்போட்டுத் துவைத்து, மடித்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அடுத்த வருஷத்துத் துணியும் கிழிந்தது. அதுவும் பெட்டிக்குள் போயிற்று. தலையணைக்கு உறை இல்லாமல் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்து சட்டியைப் புடவைத் தலைப்பால் இறக்கிக் கையைச் சுட்டுக்கொண்டாள். பெட்டி நிறைய நீலத் துணி இருந்தது. ஒரு துண்டில்கூட அவள் கத்திரி வைக்கவில்லை. நான் புரண்டு அழுதேன். அப்பா, "குடேன் அவனுக்கு" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அவள் காதில் விழாத மாதிரி எழுந்து போய்விட்டாள்.

யோசித்து யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் அம்மாவுக்கு நீலம் பிடிக்காது, அவ்வளவுதான். தெருவில் பையன்களிடமும் அப்படித்தான் சொல்லிவைத்தேன். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தாம்பரத்தில் ஜவுளிக்கடைக்குப் போனோம். அம்மாவுக்கும் ஒரு புடவை எடுக்கச் சொன்னார் அப்பா. கடைக்காரர் முதலில் ஒரு நீலத்தை எடுத்து விரித்தார். நான் பெரிய மனுஷனாட்டம் முன்னால் வந்து, "அத்த எடுத்து வெச்சிடுங்க, எங்கம்மாக்கு நீலமே ஆவாது" என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்த நீலப் புடவையைத் தொட்டுப் பார்த்து, விலை கட்டுமா என்று அப்பாவிடம் ஜாடையில் கேட்டுக்கொண்டு, இதையே கட்டிக் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டாள். வீடு வரும் வரைக்கும் அந்தப் பொட்டலத்தை அவளே வைத்திருந்தாள். நான் பின்னாலேயே நடந்துகொண்டு, இந்த அம்மாவுக்கு என்னதான் வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.